கோப்பையைத் தர வருபவரைப் பார்த்து ஏன் ஊளையிடுகிறார்கள்?

கோவையில் இருக்கும் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. இந்த முறைதான் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டியை முதல்தடவையாக முழுதாகப் பார்த்திருக்கிறான். ஆட்டம் முடிந்து, ஜெயித்த அணியிடம் கோப்பையைக் கொடுக்க லீக்கின் கமிஷனர் கேரி பெட்மன் பனித்தளத்தில் கால் வைத்ததும் அரங்கம் முழுக்க ஒரே ஊளை. "பரிசு கொடுக்க வந்தவர்தானே மாமா? விசாரித்தால் பழைய சம்பளத் தகராறு என்கிறார்கள். முதலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் நடந்த பணச் சண்டையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவனுக்கு என்ன வந்தது? அதுவும் இத்தனை வருடம் கழித்து?"

போனில் பத்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன், பேச்சு பாதியில் எங்கோ போய்விட்டது. நான் டொராண்டோவுக்கு வந்தது 1998-இல். மூன்று கதவடைப்புகளில் இரண்டை இங்கே இருந்தே அனுபவித்திருக்கிறேன். எனவே நிதானமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் நடந்ததைப் பலரும் 'ஸ்டிரைக்' என்று சொல்லிவிடுகிறார்கள். மில் ஊரில் பிறந்தவனுக்கு வித்தியாசம் தெரியும். தொழிலாளி வேலைக்குப் போக மறுத்தால் வேலைநிறுத்தம். வேலைக்கு வந்து நிற்பவனை உள்ளே விடாமல் முதலாளி கேட்டைச் சாத்தி நோட்டீஸ் ஒட்டினால் கதவடைப்பு. லீக் முழுவதிலும் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஒரே ஒருமுறை, 1992 ஏப்ரலில், 10 நாள். 1994, 2004, 2012 மூன்றும் அணி உரிமையாளர்கள் கேட்டைச் சாத்தியவை. பெட்மன் பதவிக்கு வந்தது 1993 பிப்ரவரியில். மூன்றுமே அவர் காலத்தில் நடந்தவை. ஊளையின் பாதி இங்கேயே விளங்கியிருக்கும்.

உரிமையாளர்கள் ஏன் முந்திக்கொண்டு பூட்டுகிறார்கள் என்றால், அதற்குக் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரருக்குச் சம்பளம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நடக்கும் வழக்கமான சீசனுக்கு மட்டும். அதற்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு பொதுத் தொகையிலிருந்து பரிசுப் பணம் வரும், அவ்வளவுதான். உரிமையாளர்களுக்கோ அதுதான் அறுவடை. ஆட்டக்காரர் சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் இல்லாமல் சீசனைத் தொடங்க விட்டால், ஆட்டக்காரர்கள் மொத்தச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, அறுவடை நேரம் பார்த்து மட்டையைக் கீழே போட்டுவிடலாம். 1992-இல் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஏப்ரல் 1 அன்று வெளியேறினார்கள். சின்னப் பையன்கள் சேர்த்து வைக்கும் ஹாக்கி அட்டைகளின் வருமானம்கூட அன்றைய பேரத்தில் இருந்தது. பத்தே நாளில் சமாதானம். உரிமையாளர்களுக்கு அந்தச் சூடு மறக்கவில்லை. அதிலிருந்து ஒப்பந்தக் காலம் தீர்ந்தால் சீசன் தொடங்கும் முன்பே பூட்டு.

அவர்கள் பூட்டும் நேரத்தைப் பார்த்தால் வயிறு எரியும். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 54 வருடம் காத்திருந்து 1994 ஜூனில் கோப்பையை வென்றது. ஹாக்கியைத் திரும்பிப் பார்க்காத ஊர்கள்கூட எட்டிப் பார்த்த கோடை அது. அக்டோபரில் கேட்டைச் சாத்தினார்கள். மறு ஜனவரியில்தான் திறந்தார்கள், 84 ஆட்டம் ஆட வேண்டிய அணிகள் 48 ஆடின. கியூபெக் நகரத்து நோர்டிக்ஸ் அணிக்கு அந்த அரைகுறை சீசன்தான் கடைசி சீசன். கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது, முதல் சுற்றில் ரேஞ்சர்ஸிடம் தோற்றது, அப்புறம் அணியே டென்வருக்கு விற்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டே அதே அணி கொலராடோ அவலாஞ்ச் என்ற பெயரில் கோப்பையைத் தூக்கியது. 1996-இல் வின்னிபெக் அணியும் அமெரிக்காவுக்குப் போனது. சம்பளம் அமெரிக்க டாலரில், டிக்கெட் வசூல் நலிந்த கனடிய டாலரில் என்றால் சின்ன ஊர் எப்படித் தாங்கும்? மூன்று மாதம் பூட்டி வைத்தும் உரிமையாளர்கள், ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு வாங்கவில்லை. அந்தப் பாக்கியைத்தான் 2004-இல் வசூலிக்க வந்தார்கள்.

2004 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை இரவு. டொராண்டோவில் உலகக் கோப்பை ஹாக்கியின் இறுதி ஆட்டம், கனடா 3, பின்லாந்து 2. தெருவில் ஹாரன் சத்தம். மறுநாள் புதன்கிழமை பெட்மன் கதவடைப்பை அறிவித்தார். ஊர் முழுக்கக் கொடி கட்டிய கார்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஆட்டம் இல்லை. அப்போது புழக்கத்தில் இருந்த கனடிய 5 டாலர் நோட்டில் குழந்தைகள் பனியில் ஹாக்கி ஆடும் படம் அச்சிட்டிருக்கும். அதைக் கொடுத்துக் காபி வாங்கும்போதெல்லாம் ஒரு எரிச்சல் வரும்.

உரிமையாளர்களின் வாதம் இது: வருவாயில் 75 விழுக்காடு ஆட்டக்காரருக்கே போகிறது, 2002-03 சீசனில் மட்டும் லீக்குக்கு 27.3 கோடி டாலர் நஷ்டம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆர்தர் லெவிட்டை வைத்து லீக் தயாரித்த அறிக்கை அப்படிச் சொன்னது. சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. நஷ்டம் என்பது எந்த வரவை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. அரங்கமும் அணியும் ஒரே முதலாளியிடம் இருந்தால் பார்க்கிங் வருமானம் எந்தப் பையில் விழும்? இந்தப் பேச்சிலேயே மாதங்கள் ஓடின. டிசம்பரில் சங்கமே இறங்கி வந்து எல்லோருடைய சம்பளத்திலும் 24 விழுக்காட்டை வெட்டிக்கொள்ளச் சம்மதித்தது. உரிமையாளர்களுக்கு அது போதவில்லை. உச்சவரம்புதான் வேண்டும்.

கடைசியில் பிப்ரவரி நடுவில் உச்சவரம்பையும் சங்கம் ஒப்புக்கொண்டது. இப்போது சண்டை ஓர் எண்ணில் வந்து நின்றது. அணி ஒன்றுக்கு 4.25 கோடி டாலர் என்றது லீக். 4.9 கோடி என்றது சங்கம். இடைவெளி 65 லட்சம் டாலர். பிப்ரவரி 16 அன்று சீசன் மொத்தமாக ரத்து. 1,230 ஆட்டங்கள். வட அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் தொழில் தகராறால் ஒரு சீசனையே இழந்தது என்.எச்.எல். மட்டும்தான். அந்த வாரம் நடந்த இன்னொன்றை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ரத்து செய்த மூன்றாம் நாள் சனிக்கிழமை, மறுபடி பேசுகிறார்கள், ஹாக்கியின் மாபெரும் நட்சத்திரங்களான வெய்ன் கிரெட்ஸ்கியும் மரியோ லெமியூவும் நியூயார்க்குக்குப் போயிருக்கிறார்கள், முடிந்துவிட்டது என்றே செய்தி வந்தது. நாங்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டோம். மாலையில் ஒன்றுமில்லை என்று கலைந்துவிட்டார்கள். ரத்தானதைவிட அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஜூலையில் ஒப்பந்தம் வந்தபோது உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 3.9 கோடி. பிப்ரவரியில் வேண்டாம் என்று தள்ளிய தொகையைவிடக் குறைவு. 24 விழுக்காடு வெட்டும் சேர்த்து. ஐந்து மாதம் கழித்து அதைவிடக் கீழே இறங்கிக் கையெழுத்துப் போடுவதென்றால், அந்தச் சீசன் எதற்காகச் செத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கதவடைப்பு மொத்தம் 310 நாள்.

இந்த 310 நாளில் இங்கே வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால், சனிக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன. கனடாவில் சனி இரவு என்றால் அரசு ஒளிபரப்பான சி.பி.சி.-யில் ஹாக்கி, வானொலிக் காலத்திலிருந்து வரும் பழக்கம். அந்தக் குளிர்காலத்தில் அதே நேரத்தில் சினிமா போட்டார்கள். ஹாக்கியைத் தொகுத்து வழங்கிய ரான் மக்லீனே வந்து, சின்ன ஊர்களின் ஹாக்கி அரங்கத்தில் நின்றுகொண்டு சினிமாவை அறிமுகம் செய்தார். பாவமாக இருக்கும். எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பாரில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்ட நாளென்றால் இரட்டை ஷிப்ட், இல்லையென்றால் முதலாளி "இன்றைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். அந்த வருடம் அவர் கேட்ட வாக்கியம் அது ஒன்றுதான். நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறினார்கள், 350 பேருக்கு மேல் அங்கே ஆடினார்கள். ஜோ தார்ன்டனும் ரிக் நாஷும் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அணிக்கு ஆடிச் சாம்பியன் பட்டமே வாங்கினார்கள். பீர் ஊற்றுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், பார்க்கிங்கில் நிற்கிறவர் எந்த நாட்டுக்கு ஏறுவது?

அந்த வருடத்துக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. என்.எச்.எல். நடந்திருந்தால் பாஸ்டன் அணியோடு இருந்திருக்க வேண்டிய பாட்ரிஸ் பெர்ஜரோன், கனடாவுக்காக ஜூனியர் உலகக் கோப்பைக்கு வர முடிந்தது. கூடவே 17 வயது சிட்னி கிராஸ்பி. இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவை 6-1 என்று அடித்தார்கள். சின்னப் பையன்களின் ஆட்டத்தை அவ்வளவு பசியோடு இந்த ஊர் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இன்னொரு கூட்டம் வேறு வழியில் போனது. ஸ்டான்லி கோப்பை லீக்கின் சொத்தே கிடையாது. 1917-இல் பிறந்தது லீக். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு கோப்பையைக் கொடுத்தது அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, நாட்டின் சிறந்த அணிக்கென்று. அதைப் பார்த்துக்கொள்ள அறங்காவலர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஆடாவிட்டால் வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சில ரசிகர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். 2006-இல் சமரசம் ஆனது: லீக் ஆடாத வருடத்தில் வேறு அணிக்குக் கோப்பையைத் தர அறங்காவலர்களுக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம் கிடையாது. வென்ற அணிகளின் பெயர் பொறித்த அந்தக் கோப்பையில் அந்த வருடத்துக்கு "2004-05 சீசன் ஆடப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். இதற்கு முன் கோப்பை யாருக்கும் போகாத வருடம் 1919. ஸ்பானிஷ் ஃப்ளூவில் இறுதிப் போட்டி பாதியில் நின்று, மாண்ட்ரியல் ஆட்டக்காரர் ஜோ ஹால் இறந்தே போனார். ஒரு கொள்ளைநோய், ஒரு சம்பளக் கணக்கு. இரண்டும் ஒரே வெள்ளியில் இருக்கின்றன.

சரி, உரிமையாளர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். அன்று நானே உச்சவரம்பை ஆதரித்தவன். கனடாவின் எட்மன்டன் போன்ற சின்ன ஊர் நியூயார்க்கோடு ஏலம் கேட்டு ஜெயிக்க முடியாது. உச்சவரம்பு வந்த முதல் வருடமே எட்மன்டன், பிரிவில் எட்டாவதாகப் பிளேஆஃபுக்குள் நுழைந்து, இறுதிப் போட்டி ஏழாவது ஆட்டம் வரை போனது. எதிரே கரோலைனா அணி, அதன் ஊரும் பெரியது கிடையாது. அந்த மட்டில் சொன்ன வாக்கு பலித்தது. ஆனால் சம்பளம் குறைந்தால் டிக்கெட் விலை இறங்கும் என்று நாங்களாகவே நம்பிக்கொண்டிருந்தோமே, அது எங்கள் கணக்குப் பிழை. டிக்கெட் விலையைச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. வாங்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. டொராண்டோவில் அந்த வரிசை எப்போதுமே நீளம்.

2005 அக்டோபரில் ஆட்டம் திரும்பியபோது அரங்கங்களின் பனியில் "நன்றி, ரசிகர்களே" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். அந்த சீசனில் லீக்கின் மொத்தக் கூட்டம் புதுச் சாதனை. எங்கள் கழுத்தில் நாங்களே மாட்டிக்கொண்ட மணி அது என்று அப்போது தெரியவில்லை, ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2012-க்கு வருவோம். உச்சவரம்பு 6.43 கோடிக்கு ஏறியிருந்தது, லீக்கின் வருவாய் ஆண்டுக்கு 330 கோடி டாலர். அதில் 57 விழுக்காடு ஆட்டக்காரருக்கு. அதை 46-ஆகக் குறைக்க வேண்டும் என்று ஜூலையில் உரிமையாளர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் கோபம் முழுதாகப் புரியும். அதே ஜூலை 4 அன்று மினசோட்டா அணி சாக் பரீசே, ரயன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 வருடம், 9.8 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அந்த அணியின் உரிமையாளர் கிரேக் லைபோல்ட் பேச்சுவார்த்தையில் லீக்கின் தரப்பில் உட்கார்ந்தவர். ஒரு கையால் கையெழுத்து, மறுகையால் வெட்டு. சம்பளம் எகிறிவிட்டது என்று அழுபவரும் எகிற வைத்தவரும் ஒரே ஆள். வீட்டுக்காரர் நம்மிடம் வாடகை முன்பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே வீட்டைப் பூட்டி, பாதி வீட்டுக்குச் சம்மதித்தால் சாவி என்பதைப் போல.

அந்த ஆகஸ்டில் பெட்மன் ஒன்று சொன்னார். போன முறை நாங்கள் மீண்டு வந்தோம், காரணம் உலகத்திலேயே சிறந்த ரசிகர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள் என்று. பாராட்டுப் போலத்தான் இருக்கும். ரசிகன் காதில் அது விழுந்த விதம் வேறு: பூட்டினாலும் நீங்கள் வந்துவிடுவீர்கள், எங்களுக்குத் தெரியும். மருமகனே, உன் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதில் ரசிகனுக்கு உண்மையிலேயே பெரிய அக்கறை இல்லை. அவன் திரும்பி வருவதை அவனைக் கேட்காமலே வரவில் எழுதிவிட்டுத்தான் பூட்டையே போடுகிறார்கள். அந்த வரவு இல்லையென்றால் எந்த உரிமையாளரும் ஒரு வாரம்கூடப் பூட்டத் துணிய மாட்டார். மேஜையில் இரண்டு நாற்காலி, பந்தயத்தில் வைத்திருப்பதோ வெளியே நிற்கிறவனின் பிரியம்.

லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் ரசிகர்களை நினைத்துப் பார். 1967-இல் தொடங்கிய அணி, 2012 ஜூனில் முதல் கோப்பை. அரங்கின் கூரையில் சாம்பியன் கொடி ஏற்றும் விழா அக்டோபரில் நடக்க வேண்டியது. 45 வருடம் காத்திருந்தவர்களை இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். மிஷிகன் மைதானத்தில் லட்சம் பேர் முன்னால் புத்தாண்டு தினத்தில் நடக்க இருந்த திறந்தவெளி ஆட்டம் ரத்து, கொலம்பஸ் ஊருக்கு முதன்முதலாகக் கிடைத்த நட்சத்திர ஆட்டம் ரத்து.

டிசம்பர் 6-இல் ஒரு கூத்து நடந்தது. ஆட்டக்காரர் சங்கத் தலைவர் டொனால்ட் ஃபெயர் நிருபர்களிடம் வந்து, ஏறக்குறைய ஒத்துவந்துவிட்டோம் என்கிற தொனியில் பேசினார். பேசி முடித்து உள்ளே போனவர் சில நிமிடத்தில் திரும்பி வந்தார். லீக்கிலிருந்து வாய்ஸ்மெயில் வந்திருக்கிறதாம், எதுவும் ஏற்கப்படவில்லையாம். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்புத்தான் வந்தது. 2005-இல் இதே இடத்தில் வலித்தது. இந்த முறை மரத்துப் போயிருந்தது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்றால், செய்ய இருப்பது ஒன்றுதான்: வராமல் இருப்பது. டிசம்பர் 21-க்குப் பிறகு ரத்தாகும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஈடாக ஓர் ஆட்டத்தைப் புறக்கணிப்போம் என்று இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கைதூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஆனால் இது தொழிற்சங்கம் போல ஆகாது. சங்கத்தில் கட்டுப்பாடு உண்டு, நிதி உண்டு, மீறினால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ரசிகன் தனித்தனியாக, அவனவன் சோபாவில் உட்கார்ந்து சத்தியம் செய்கிறான், அதை மீறினால் மனைவிக்குக்கூடத் தெரியாது. போதாததற்கு, சீசன் டிக்கெட்டைக் கைவிட்டால் அந்த இருக்கை வரிசையில் நிற்கும் அடுத்தவனுக்குப் போய்விடும். புறக்கணிப்பவனுக்குத்தான் நஷ்டம், அணிக்கு இல்லை.

2013 ஜனவரி 6 அதிகாலையில், அரசு மத்தியஸ்தர் ஸ்காட் பெக்கன்பா நடுவில் இருந்து, 16 மணி நேரம் ஒரே அமர்வில் பேசி முடித்தார்கள். ஆளுக்குப் பாதி, 50-50. இந்த எண்ணில்தான் வந்து நிற்கும் என்று செப்டம்பரிலேயே டீக்கடையில், இங்கே டிம் ஹார்ட்டன்ஸில், எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 510 ஆட்டங்களைக் கொளுத்தி அதைக் கண்டுபிடித்தார்கள். மறுபடி 48 ஆட்ட சீசன்.

பெட்மன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமா என்றால், முழு நியாயம் இல்லை. அவர் உரிமையாளர்கள் வைத்த ஆள், அவர்களுக்கு வருவாயைப் பெருக்கிக் கொடுத்தவர், அதனால்தான் இத்தனை வருடம் இருக்கிறார். உரிமையாளர்கள் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார்கள். பனியில் இறங்கி நிற்பவர் அவர் ஒருவர்தான். அடி வாங்குவதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். இன்னொரு விஷயம், இப்போது ஊளையிடும் இளைஞர்களில் பாதிப் பேர் 2004-இல் தொட்டிலில் இருந்திருப்பார்கள். திருவிழாவில் வழுக்குமரம் ஏறுவது மாதிரி அது ஒரு சடங்காகிவிட்டது. பெட்மனே அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.

இனி நடக்குமா என்று கேட்பாய். 2020-இல் கொரோனாவுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 2025 கோடையில், காலக்கெடுவுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே அடுத்த ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டார்கள். 2030 செப்டம்பர் வரை பூட்டு இல்லை.

என் புறக்கணிப்பு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2013 ஜனவரி 19, சனிக்கிழமை, முதல் ஆட்டமே மாண்ட்ரியலில் எங்கள் டொராண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ். ஒரு நிமிடம் ஸ்கோர் மட்டும் பார்க்கலாம் என்று டிவியைப் போட்டேன். 2-1, நாங்கள் ஜெயித்தோம், கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த வருடம் லீஃப்ஸ் பிளேஆஃபுக்குப் போனது. அதற்கு முன் போனது 2004-இல், அதாவது இரண்டு கதவடைப்புகளுக்கு நடுவே எங்களுக்கு ஒன்றுமே இல்லை. மே 13, பாஸ்டனில் ஏழாவது ஆட்டம், கடைசிப் பகுதியில் நாங்கள் 4-1. நான் போனை எடுத்து நண்பனுக்கு அடித்தேவிட்டேன். அப்புறம் ஒரு கோல் விட்டோம், ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது இன்னும் இரண்டு, கூடுதல் நேரத்தில் நான்காவது. போட்டவன் பெர்ஜரோன், 2005-இல் நாங்கள் கைதட்டி வளர்த்த அதே பையன். அன்று இரவு நான் திட்டியவர்களின் பட்டியல் நீளம். பெட்மன் அதில் இல்லை.